டின்னில் மிஞ்சிய சாமான்: முதலில் முன் வீலைக் கழற்றுங்க

தம்பி, உங்க 1967 எம்ஜிபி காரைப் பூட்டி முடித்த பிறகும் சாமான் மிஞ்சி டின்னில் கிடக்குதென்று படம் போட்டிருந்தீங்களே, அதில் கடதாசி மாதிரி மெல்லிய வளையங்களும் அந்தக் குட்டைக் குழாயும் ஒரே இடத்துச் சாமான். முன் ஹப்புக்குள்ள, அதாவது வீலைப் பூட்டுற நடுக்குடத்துக்குள்ள, ரெண்டு பேரிங்குக்கும் நடுவில் வரும். அது இல்லாம நட்டை இறுக்கினா முழு அழுத்தமும் பேரிங் தலையிலதான். ரம்பொடை இறக்கத்தில போய் அதைத் தெரிஞ்சுக்க வேணாம்.

வளையங்கள் 0.003, 0.005, 0.010, 0.030 அங்குலத்தில் வரும். மைக்ரோமீட்டரால அளந்து, ஹப் 0.002 முதல் 0.004 அங்குலம் மட்டும் ஆடுற மாதிரிப் போடுங்க. நான் ஒருமுறை கண்மதிப்பில போட்டேன். பண்டாரவளை போய்ச் சேரும்போது சூட்டில ஹப்பில கை வைக்க முடியல.

சிவப்புச் சாயம் பூசின ஸ்பிரிங், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற எஸ்யூ காபரேட்டரில, பிஸ்டனுக்கு மேல இருக்க வேண்டியது. உங்க காரில இருக்கிற ரெண்டு காபரேட்டரில ஒன்று அது இல்லாம ஓடுது. ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் இருமுதுன்னு எழுதினீங்களே, அதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்.

10 எம்எம் ஸ்பேனர் கச்சிதமாப் பிடிக்கிற அந்த போல்ட்? இந்தக் காரில எல்லாம் அங்குல அளவு. பக்கத்தில நிக்கிற ஜப்பான் வேனில தேடிப் பாருங்க.