படிகத் திசையும் வெப்பமின் பொருட்களும்: கேள்வி பதில்

வெப்பத்தை மின்சாரமாக்கும் பொருட்களில் படிகத் திசையின் பங்கு பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிதான் அதைப் பற்றியது. பரவாயில்லை, தொடங்குவோம்.

புதுமாணவி: கலவை ஒன்றுதான், படிகமும் ஒன்றுதான். திசை மாற்றி அளந்தால் திறன் ஏன் மாறுகிறது சார்?

பிஸ்மத் டெல்லுரைடை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லுரியம், பிஸ்மத், டெல்லுரியம், பிஸ்மத், டெல்லுரியம் என்று ஐந்து அணுத்தளங்கள் சேர்ந்து ஓர் அடுக்கு. அடுக்குக்குள் பிணைப்பு வலுவானது. ஓர் அடுக்கின் டெல்லுரியமும் அடுத்ததன் டெல்லுரியமும் சந்திக்கும் இடத்தில் வான்டர்வால்ஸ் விசை மட்டும்தான். பிளேடு வைத்தால் பிளந்துவிடும். அடுக்கோடு போகும்போது எலக்ட்ரானுக்கும் வெப்ப அதிர்வுக்கும் வழி சுலபம், குறுக்கே போனால் சிரமம்.

நமக்கு வேண்டிய தரமதிப்பு இசட்டி. சீபெக் குணகத்தின் (ஒரு பாகை வெப்பநிலை வித்தியாசத்துக்கு எழும் மின்னழுத்தம்) இருமடியை மின் கடத்துத்திறனாலும் வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக் கடத்துத்திறனால் வகுத்தால் கிடைப்பது. இந்தப் பொருளில் சீபெக் திசைக்குத் திசை அதிகம் மாறாது. ஆகவே இரண்டு கடத்துத்திறன்களில் எது திசையோடு அதிகம் மாறுகிறது என்று பார்த்தால் போதும்.

சூடுபிடித்தவன்: ஹாட் பிரஸ் செய்த, அதாவது தூளைச் சூடாக அழுத்திச் செய்த, என்-வகை (எலக்ட்ரான்கள் மின்சாரம் கடத்தும்) பிஸ்மத் டெல்லுரைடு பெல்லட்டில் இசட்டி 1.8 வருகிறது. கட்டுரை எழுதலாமா?

எழுதாதீர்கள். வெப்பக் கடத்துத்திறனை அளக்கும் லேசர் ஃபிளாஷுக்கு மெல்லிய வட்டமாக வெட்டியிருப்பீர்கள், அதில் வெப்பம் அழுத்திய திசையில், அதாவது அடுக்குகளுக்குக் குறுக்கே போகும். மின் கடத்துத்திறனுக்கு நீளப் பட்டையாக வெட்டியிருப்பீர்கள், அதில் மின்சாரம் செங்குத்தாக, அதாவது அடுக்கோடு போகும். மின்சாரத்தை நல்ல திசையிலும் வெப்பத்தைக் கெட்ட திசையிலும் அளந்து ஒன்றாகப் பெருக்கினால் எந்தப் பொருளும் சாதனை படைக்கும். அடுக்கோடு வெப்பக் கடத்துத்திறன் இரண்டு மடங்கு என்றால், உங்கள் இசட்டியும் சரியாக இரண்டு மடங்கு பொய். மூன்றையும் ஒரே திசையில் அளங்கள். கனமான பெல்லட் செய்து, இரண்டு திசையிலும் வெட்டி, இரண்டையும் முழுதாக அளந்துவிட்டு வாருங்கள்.

ஈயம்: லெட் டெல்லுரைடுக்கு எந்தத் திசை நல்லது?

கனசதுரப் படிகம். எல்லாத் திசையும் ஒன்றுதான். ஒவ்வொரு எலக்ட்ரான் பள்ளத்தாக்கும் (எலக்ட்ரான்கள் தங்கும் குறைந்த ஆற்றல் நிலை) தனியாகப் பார்த்தால் நீண்டுதான் இருக்கும். சமச்சீரான நான்கையும் கூட்டினால் திசை வேறுபாடு காணாமல் போய்விடும்.

எதிர்க்கட்சி: படிகக் குருணைகளை ஒரே திசையில் அடுக்கினால் மின்சாரம் கூடும், கூடவே வெப்பமும் கூடும். லாபம் எங்கே? எங்கள் ஆய்வகத்தில் பி-வகை (எலக்ட்ரான் இல்லாத துளைகள் மின்சாரம் கடத்தும்) மாதிரியில் ஒரு வித்தியாசமும் இல்லை. வெட்டி வேலை.

பி-வகைக்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. அங்கே அடுக்கோடும் குறுக்கேயும் அளந்த மின் கடத்துத்திறனின் விகிதம் ஏறத்தாழ 3, வெப்பத்தின் விகிதம் 2-ஐ ஒட்டி, மிச்சம் கொஞ்சம்தான். என்-வகையில் மின் விகிதம் 4-க்கு மேல் போகிறது, வெப்பம் அதே 2 பக்கம்தான். அடுக்கோடு இசட்டி இரண்டு மடங்கோ அதற்கு மேலோ. பி-யை அளந்துவிட்டு என்-னுக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமா?

எதிர்க்கட்சி: 2008-இல் அரைத்துத் தூளாக்கி, குருணைகள் தாறுமாறாகக் கிடக்கும் மாதிரியில்தானே இசட்டி 1.4 வாங்கினார்கள்? திசையே இல்லாமல்!

அதுவும் பி-வகை ஐயா! பிஸ்மத் ஆன்டிமனி டெல்லுரைடு. திசையை இழந்தால் நஷ்டம் குறைவு, குருணை எல்லைகள் வெப்பத்தைத் தடுத்த லாபம் அதிகம். அதே வித்தையை என்-வகையில் செய்தபோது 0.85-இல் நின்றது. பிறகு 2010-இல் அந்தப் பெல்லட்டையே மறுபடி சூடாக அழுத்திப் பக்கவாட்டில் பரவவிட்டு, குருணைகளை ஓரளவு திருப்பி 1.04-க்குக் கொண்டுவந்தார்கள். அழுத்தும்போது என்-வகையில் எலக்ட்ரான் எண்ணிக்கையும் மாறும், அதையும் சரிபார்க்க வேண்டும்.

எதிர்க்கட்சி: ஆக அடுக்கோடு போவதுதான் எப்போதும் நல்லது என்கிறீர்கள்.

அப்படி நான் சொல்லவில்லை. டின் செலினைடைப் பாருங்கள். 2014-இல் பி-வகை ஒற்றைப்படிகத்தில் 923 கெல்வினில் அடுக்கோடு போகும் இரண்டு அச்சுகளில் இசட்டி 2.6-உம் 2.3-உம், குறுக்கே வெறும் 0.8. சரி, உங்கள் விதி பொருந்துகிறது. 2018-இல் புரோமின் சேர்த்த என்-வகைப் படிகம் வந்தது. அதில் 773 கெல்வினில் 2.8 கிடைத்தது *குறுக்குத் திசையில்*. எலக்ட்ரான் அலைகள் அடுக்குகளுக்கு இடையே கைகோத்துக்கொண்டன, வெப்ப அதிர்வு அடுக்கிலேயே மாட்டிக்கொண்டது. அடுக்கின் வடிவத்தைப் பார்த்து விதி எழுதக் கூடாது, விகிதத்தை அளக்க வேண்டும்.

பலகணி: அந்த 2.6-ஐ நம்பலாமா? பல குருணைகள் சேர்ந்த பல்படிக மாதிரியில் வெப்பக் கடத்துத்திறன் ஒற்றைப்படிகத்தைவிட அதிகமாக வந்ததே.

நியாயமான சந்தேகம், பல வருடம் சண்டை நடந்தது. குருணை எல்லை கூடினால் வெப்பம் குறைய வேண்டும், கூடக் கூடாது. பிறகு தூளின் மேலிருந்த டின் ஆக்சைடு நன்றாக வெப்பம் கடத்துவது தெரிந்தது. அதை நீக்கியபின் 2021-இல் பல்படிகத்திலேயே 783 கெல்வினில் 3.1 வரை அறிவித்தார்கள்.

ஆர்வலர்: என்-வகை பிஸ்மத் டெல்லுரைடுக்கு எந்தத் திசை?

மேலே இருக்கிறது.

இன்னொரு ஆர்வலர்: சார், பி-வகைக்கு?

அதுவும் மேலே. சூடுபிடித்தவனுக்குச் சொன்னதையும் படியுங்கள்.

கைவினை: என் பெல்டியர் குளிர்பெட்டி குளிரவில்லை.

திசைப் பிரச்சினை இல்லை. சூடான பக்கத்து ஃபின்னையும் விசிறியையும் பாருங்கள். மேற்கொண்டு மின்னணுக்காரர்களிடம் கேளுங்கள்.

எக்ஸ்ரே: குருணைகள் எவ்வளவு ஒரே திசையில் திரும்பியிருக்கின்றன என்று காட்டும் லாட்கெரிங் காரணி 0.4 வந்தது. 40 சதவீதக் குருணைகள் திரும்பிவிட்டன என்று எழுதலாமா?

கூடாது. அது எக்ஸ்ரே சிகரங்களின் உயர ஒப்பீடு, குருணைகளின் தலை எண்ணிக்கை இல்லை. மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கிறது, தேய்த்துப் பாலிஷ் போட்டாலே மாறலாம். குருணைத் திசைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் போல் ஃபிகர் எடுங்கள். எடுத்த முகம் அழுத்திய திசைக்கு எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள்.

கோணல்: படிகத்தைச் சாய்வாக வெட்டினால் ஏதாவது கிடைக்குமா?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி. சீபெக் இரண்டு அச்சுகளில் வேறாக இருந்தால், சாய்த்து வெட்டிய துண்டில் வெப்பம் ஒரு பக்கம் போக, மின்னழுத்தம் அதற்குச் செங்குத்தாக வரும். சாய்கோணத்தின் சைனையும் கோசைனையும் பெருக்கி, இரண்டு சீபெக்கின் வித்தியாசத்தோடு பெருக்கினால் அதன் அளவு; 45 பாகையில் வித்தியாசத்தில் பாதி. பிஸ்மத் டெல்லுரைடில் அந்த வித்தியாசம் சிறியது, வீண். ரீனியம் சிலிசைடு போன்றவற்றில் ஓர் அச்சில் பி-வகை, இன்னோர் அச்சில் என்-வகை, குறியே எதிர். அங்கே ஒரே துண்டு போதும், பி கால் என் கால் என்று இணைக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று அளவுகளுக்கும் திசையைக் குறித்து வையுங்கள். இதில் மின்சாரமும் வெப்பமும் வேண்டுமென்றே வெவ்வேறு திசை.