கால் ஒட்டிக்கொண்டால் ரோபோ நகர்த்துமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன். வாசற்படியிலும் பாத்ரூம் கதவருகிலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. இடுப்பில் மாட்டும் ரோபோ கருவி வாங்கினால் தனியாக நடப்பார் என்று ஒரு ஏஜென்ட் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

இடுப்பில் மாட்டும் கருவிகள் பெரும்பாலும் நடப்பவரின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு உதவுபவை. தொடை முன்னே எழுவதைச் சென்சார் உணர்ந்ததும் மோட்டார் கொஞ்சம் உந்தும். உங்கள் அப்பாவுக்குக் காலில் பலம் இருக்கிறது. முதல் அடி கிளம்புவதில்தான் தடங்கல். அடியே எழாதபோது கருவி எதைப் பிடிக்கும்? சும்மா இருக்கும். தப்பான நேரத்தில் உந்திவிட்டால் இன்னும் மோசம்: பாதம் ஒட்டியிருக்க, உடம்பு முன்னே சாயும்.

ஹார்வர்டு, பாஸ்டன் பல்கலைக்கழகக் குழுவின் துணியாலான கருவி இந்த ஒட்டலைத் தடுத்ததாக 2024-இல் வந்த செய்தி உண்மைதான். சோதித்தது 73 வயதான ஒரே ஒருவரிடம். ஏஜென்ட் விற்பது அதுவல்ல.

அடுத்து ஜப்பானின் 'ஹால்' வீடியோவைக் காட்டுவார். இதை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் அது நிஜமான விதிவிலக்கு. தோலில் ஒட்டிய சென்சார் வழியாகத் தசையின் மெல்லிய மின்சமிக்ஞையைப் படித்து மோட்டாரை இயக்கும் கருவி அது. 2015-இல் ஜப்பான் அனுமதித்தது தசைச்சிதைவு, ஏ.எல்.எஸ். (தசையை இயக்கும் நரம்புகள் அழியும் நோய்) போன்ற எட்டு நோய்களுக்கு. பார்க்கின்சன் அதில் இல்லை. அந்த எட்டு நோய்க்காரர்களும் அதை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது தடவை பயிற்சி, பிறகு கழற்றிவிட்டுச் சொந்தக் காலில் நடப்பது. பலன், இரண்டு நிமிடத்தில் நடக்கும் தூரம் ஏறக்குறைய 10% கூடியது. அதாவது அது ஒரு சிகிச்சை. வீட்டில் யாருக்காவது தசைச்சிதைவு இருந்தால் கதை வேறு, அப்போதும் வாங்குவது வேறு, பயிற்சிக்குப் போவது வேறு.

'எஃப்.டி.ஏ. ரிஜிஸ்டர்டு' என்று பளபளப்பான சர்டிபிகேட் வரும். கம்பெனி தன் பெயரைப் பதிந்துகொள்வது அனுமதி ஆகாது, அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அப்படிச் சர்டிபிகேட் கொடுப்பதே இல்லை. இறக்குமதிக் கருவி என்றால் இந்திய அரசு தரும் இறக்குமதி உரிமமான எம்.டி.-15-ஐக் கேளுங்கள். எந்த நோய்க்கு என்று எழுதியிருக்கிறது, பழுதானால் யார் வருவார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். டெமோவை மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், அகலமான கூடத்தில் நடத்துவார்கள். அந்த நேரத்தில் கருவி இல்லாமலே அப்பா நன்றாக நடப்பார். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன், உங்கள் வீட்டுப் பாத்ரூம் கதவருகே நடத்தச் சொல்லுங்கள். ஒருவர் பெல்ட்டைப் பிடித்தபடி கூடவே வரட்டும்.

ஐந்து நிமிட ஓ.பி.யில் இவர் கதவைத் தாண்டுவதை யாரும் பார்ப்பதில்லை. மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஓட்டையில்தான் ஏஜென்ட் நுழைகிறார். ஆகவே ஒட்டிக்கொள்ளும் நேரங்களையும் மாத்திரை நேரங்களையும் ஒரு வாரம் குறித்து, ஒரு வீடியோவும் எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்தபடியும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது: தரை நிறத்துக்கு எதிரான நிறத்தில் டேப் வாங்கி, கதவுக்கு முன்னும் பின்னும் குறுக்காக, அவர் ஓர் எட்டு வைக்கும் தூரத்துக்கு, சுமார் 40 செ.மீ. இடைவெளியில் நான்கைந்து கோடுகள் ஒட்டுங்கள். கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள், 'நட, நட' என்று அவசரப்படுத்தாதீர்கள். டேப்பின் ஓரம் தூக்கியிருந்தால் உடனே மாற்றுங்கள், அதுவே தடுக்கிவிடும்.