ஏற்றுமதிக்கான மரப் பேலட்டில் முத்திரை ஏன் கேட்கிறார்கள்?

பேலட் என்பது சரக்கைத் தரையிலிருந்து உயர்த்தி, ஃபோர்க்லிஃப்டின் கரங்கள் அடியில் நுழைய இடம் விடும் மேடை. நெல் மூட்டைகளுக்கு அடியில் கட்டை போடுவதைப் போன்றதே. கிடங்குக்குள் மட்டும் பயன்படுத்துவதானால், தாங்கும் எடையையும் எத்தனை பக்கமிருந்து தூக்கலாம் என்பதையும் பார்த்தால் போதும். கடல் கடக்கும் சரக்கென்றால் கதை வேறு: மரத்துக்குள் ஒளிந்திருக்கும் வண்டுகளும் புழுக்களும் இன்னொரு நாட்டின் காடுகளை அழிக்கக்கூடும் என்பதால், 2002இல் ஏற்கப்பட்ட ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு விதிப்படி மரத்துக்குப் பூச்சி நீக்கம் செய்ய வேண்டும். வழக்கமான முறை, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை இடைவிடாமல் 30 நிமிடம் நீடிக்க வைப்பது. கோதுமைக் கதிர்ச் சின்னத்துடன் 'எச்.டி.' (HT, அதாவது வெப்பமூட்டப்பட்டது) என்ற முத்திரை அதைக் காட்டும். (முழுக்க ஒட்டுப்பலகையால் ஆன பேலட்டுக்கு இது தேவையில்லை.) பலர் எண்ணுவதுபோல் அந்த முத்திரை வலிமைக்கான சான்று அன்று, எத்தனை கிலோ தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும்.