பெட்டியைப் பிரியுங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 38 வயது. கோவை சரவணம்பட்டியில் குடியிருக்கிறேன், மென்பொருள் வேலை. ஜப்பானியப் பொம்மைகளும் மங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸும் சேர்ப்பவன். ஒரு அலமாரி முழுக்க நெண்டோராய்டு என்கிற குட்டிப் பொம்மைகள், நண்பர் ஒருவர் ஒசாகாவிலிருந்து வாங்கிவந்த லிக்கா பொம்மை ஒன்று, ஆங்கிலத்தில் வந்த மங்கா சில நூறு. மங்கா வரைந்தவர்களில் மிசுகி ஷிகேரு என்றால் உயிர். பொம்மைகளை இதுவரை பெட்டியிலிருந்து எடுத்ததில்லை, எடுத்தால் மதிப்பு போய்விடும். பிடித்த மங்காவை இரண்டு பிரதி வாங்குவேன். ஒன்று படிக்க, இன்னொன்று உறை பிரிக்காமல் வைக்க.

மனைவி ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் மாமியார் வந்திருந்தார். "இந்த வயசுல பொம்மையா?" என்றார். "நீங்களும்தான் கொலு வைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. இது வளராத மனதின் அடையாளமா? மங்காவை இலக்கியமாகக் கொள்ளலாமா?

ஒரு ரசிகன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் மாமியாரிடம் மன்னிப்புக் கேளுங்கள். கொலு வைக்கிறவர் நவராத்திரிக்கு வைக்கிறார், முடிந்ததும் எடுத்துப் பரணில் போட்டுவிடுகிறார். உங்கள் அலமாரிக்கு அந்த அம்மாவை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்? மங்கா இலக்கியமா என்ற கேள்வியையும் விட்டுவிடுவோம். மிசுகியைப் படித்துவிட்டு என்றாவது தூக்கம் வராமல் கிடந்திருப்பீர்கள். அது போதாதா?

பொதுவாக இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஆனால் சேர்த்து வைப்பது எதற்காக என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் இரண்டாவது பிரதி வந்து மாட்டிக்கொண்டது.

ஜப்பானில் வயது வந்தவர்கள் பொம்மை சேர்ப்பது ஏதோ நேற்று டோக்கியோவின் அகிஹபாரா கடைவீதியில் தொடங்கிய கிறுக்கு என்று இங்கே ஒரு நினைப்பு இருக்கிறது. ஷிமிசு செய்ஃபூ என்பவர் 1851இல் பிறந்தவர். ஊரூராகச் செய்துவந்த மண், மர, காகித விளையாட்டுப் பொருட்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1880இல் தன்னைப் போன்ற பொம்மைப் பித்தர்களைச் சேர்த்து ஒரு குழுவே வைத்திருந்தார். மீசை வைத்த ஆண்கள் ஆளுக்கொரு பொம்மையோடு வந்து உட்கார்ந்து பேசுவது! சேர்த்ததோடு நிற்காமல் ஒவ்வொன்றையும் தன் கையால் வண்ணத்தில் வரைந்து, 1891 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டார். உடையக்கூடிய மண் பொம்மைகள் உடைந்துபோயிருக்கும். படங்கள் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்கிறேன். 1924இல் அமெரிக்கா ஜப்பானியர்கள் குடியேறுவதற்குக் கதவை அடைத்தது. அந்தக் கசப்பைத் தணிக்க சிட்னி குலிக் என்ற பாதிரியார் ஒரு வழி கண்டுபிடித்தார். 1927இல் அமெரிக்கக் குழந்தைகள் அனுப்பியதாக 12,000க்கும் மேற்பட்ட பொம்மைகள் ஜப்பானியப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. மார்ச் 3, அங்கே பொம்மைத் திருநாள், அதையொட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், கூடவே ஒரு பாஸ்போர்ட். அந்தப் பக்கம் முன்னின்று வரவேற்றவர் ஷிபுசாவா எய்இச்சி. இப்போது 10,000 யென் நோட்டில் இருக்கிறாரே, அவர்தான். போர் வந்ததும் அந்த நீலக்கண் பொம்மைகள் எதிரிகளாகிவிட்டன. எரித்தார்கள், உடைத்தார்கள். சில ஆசிரியர்கள் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்தார்கள். அப்படித் தப்பியவை சுமார் 300. மாட்டிக்கொண்டால் என்ன பெயர் கிடைக்கும் என்று தெரிந்தே செய்தார்கள். அவர்களிடம் போய் யாராவது வளராத மனது என்று பேசிப் பார்க்கட்டும்.

"அவர்களும் பெட்டிக்குள்தானே வைத்தார்கள்?" என்று உடனே கேட்பீர்கள். எனக்குத் தெரியும், உங்களைப் போன்றவர்கள் கேட்பீர்கள். அங்கே வாசலில் போர் நின்றது தம்பி. சரவணம்பட்டியில் உங்கள் நெண்டோராய்டுக்கு என்ன ஆபத்து?

அந்தப் பொம்மையை நீங்கள் கவனித்தாவது பார்த்திருக்கிறீர்களா? பத்து சென்டிமீட்டர் உயரம், அதில் பாதி தலை. 2006இலிருந்து வருகிறது. அதன் சூட்சுமமே கழற்றி மாட்டும் முகங்கள்தான். ஒன்று சிரிக்கும், ஒன்று முறைக்கும், ஒன்று அழும். கையையும் காலையும் மாற்றலாம். செய்தவர்கள் இத்தனை மெனக்கெட்டது நீங்கள் உட்கார்ந்து மாற்றிப் பார்ப்பீர்கள் என்ற நம்பிக்கையில். உங்கள் வீட்டிலோ எல்லாம் வந்த நாளின் முகத்தோடு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் கிடக்கின்றன. லிக்கா, 1967இலிருந்து ஜப்பானியச் சிறுமிகள் தலைவாரிச் சட்டை மாற்றி விளையாடிய பொம்மை. அதன் தலையில் ஒரு சீப்புகூடப் பட்டதில்லை. மதிப்பு போய்விடுமாம். விற்கப் போகிறீர்களா? விற்பதானால் நல்லது, அது வியாபாரம், கௌரவமான தொழில். ஆனால் கடிதத்தின் அடியில் ரசிகன் என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

சாத்தூரில் எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தது. முதல் இதழிலிருந்து வாங்கினார். அப்புறம் லயன் வந்தது, அதையும் விடவில்லை. நாலைந்து இதழ்களைச் சேர்த்துத் தைத்து, காக்கி அட்டை போட்டு வைத்திருப்பார். தெருவில் எந்தப் பையன் கேட்டாலும் கொடுப்பார். ஒரு நீள நோட்டில் பெயர் எழுதவேண்டும். திருப்பிக் கொடுக்க வரும்போது வாசலிலேயே நிறுத்திவிடுவார். "கதையைச் சொல்லிட்டுப் போடா." படம் மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் முழிப்பான், புத்தகம் மறுபடி அவன் கைக்கே போகும். கிழிந்து வரும் பக்கங்களை மைதா பசை தடவி ஒட்டுவார். திட்டுவார், அடுத்த வாரமும் கொடுப்பார். எங்கள் சித்தி அவரைச் சொல்லாத வார்த்தை இல்லை.

அவர் போன பிறகு வீட்டை இடித்துக் கட்டினார்கள். மூட்டை கட்டி எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த இதழ்களுக்கு இன்று சேகரிப்பவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது விலையை இல்லை. சித்தப்பாவின் சேகரிப்பில் இன்றும் மிச்சம் இருப்பவை சில உண்டு. கோவில்பட்டியில் ஒருவரிடம் இருக்கிறது, விருதுநகரில் ஒருவரிடம், என்னிடம் ஒன்று. எல்லாம் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர்கள் வீட்டில் இருப்பவை. அவர் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தது அத்தனையும் போயிற்று.

உங்கள் மிசுகி, போரில் இடது கையை இழந்துவிட்டு மிஞ்சிய கையால் வரைந்தவர், ஆரம்பத்தில் வரைந்த மங்காவெல்லாம் வாடகைப் புத்தகக் கடைகளுக்குத்தான். 1950களில் ஜப்பான் முழுக்க அப்படிக் கடைகள். அவற்றுக்காகவே தனியாக மங்கா அச்சிட்டார்கள், அதனால் பிரதிகளும் குறைவு. கை மாறி மாறிப் பிய்ந்துபோகும். 1959இல் மலிவான சிறுவர் வார இதழ்கள் வந்தன, கடைகள் ஒவ்வொன்றாக மூடின, புத்தகங்கள் குப்பைக்குப் போயின. பெரிய நூலகங்கள் அவற்றைச் சீண்டவில்லை. அப்படி ஒரு கடை நடத்திய நைகி தோஷியோ தன் புத்தகங்களைக் குப்பைக்கு அனுப்பாமல், 1978இல் டோக்கியோவில் மங்காவுக்கென்றே ஒரு நூலகம் திறந்தார். அங்கே யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் படிக்க முடிந்தது. 1975இல் ரசிகர்களின் காமிக்ஸ் சந்தையைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோனெசாவா யோஷிஹிரோ தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது இன்று மெய்ஜி பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது. நைகியின் புத்தகங்களும் பிறகு அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் போயின. பழைய மங்காவைப் பற்றி இன்று ஒருவர் ஆராய்ச்சி செய்ய முடிகிறதென்றால், ‘இந்த வயசுல காமிக்ஸா' என்று கேட்டவர்களால் இல்லை.

அதனால் ஒரு நோட்டு வாங்குங்கள். என்ன இருக்கிறது, எப்போது, எங்கே வாங்கியது என்று பட்டியல் போடுங்கள். ஷிமிசு மாதிரி வரைய வராது, போனில் படம் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதுங்கள். பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுங்கள். வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள், பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். முகத்தை மாற்றிப் பாருங்கள். மாமியார் வரும்போது அவரையே ஒன்றுக்கு முகம் மாட்டச் சொல்லுங்கள், பேச்சு தானாக வரும். குடியிருப்பில் பிள்ளைகள் இருப்பார்களே, மங்காவை இரவல் கொடுங்கள். கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த உறை பிரிக்காத மிசுகி இருக்கிறதே, இரண்டாவது பிரதி, அதை எனக்கு அனுப்பிவையுங்கள். நோட்டில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கதையைச் சொல்லிவிடுவேன். திருப்பித் தருவேனா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.