பெஸ்ஸா, பெஸ்காதோவா?

ஸ்பானிஷ் மொழியில் மீனுக்கு எதற்கு இரண்டு சொல்?

தண்ணீரில் நீந்தும்வரை பெஸ். பிடிபட்டுச் சந்தைக்கு வந்துவிட்டால் பெஸ்காதோ. 'பெஸ்கார்' என்றால் மீன்பிடிப்பது; 'பெஸ்காதோ' என்றால் பிடிபட்டது, அவ்வளவுதான். ஒருவர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியைக் காட்டி "எவ்வளவு அழகான பெஸ்காதோ!" என்று சொல்லிப் பாருங்கள், உங்களுக்குப் பசி என்று நினைத்துக்கொள்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் பேச்சுவழக்கில் உயிர்மீனையும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. எழுதும்போது வேண்டாம்.

'உயிரினம்' என்பதற்கு அகராதியில் 'கிரியாத்தூரா' என்றும் இருக்கிறது. எழுதலாமா?

உயிரியல் பாடமென்றால் 'செர் விவோ', பன்மையில் 'செரெஸ் விவோஸ்'. செடிகொடி, கிருமி எல்லாம் இதில் அடங்கும். கிரியாத்தூரா கதைகளுக்கும் ஆழ்கடல் விசித்திரங்களுக்கும் பொருந்தும். ஆனால் வீட்டுப் பேச்சில் அது பச்சைக்குழந்தை. பேருந்தில் பிள்ளை வீறிட்டு அழுதால் பக்கத்து இருக்கைப் பாட்டி "போப்ரே கிரியாத்தூரா" என்பார். நம் 'ஐயோ பாவம், குழந்தை' மாதிரி.

'விவோ'வில் இன்னொரு குழி உண்டு. 'எஸ்தா விவோ' என்றால் உயிரோடு இருக்கிறார். 'எஸ் விவோ' என்றால் ஆள் விவரமானவர், கொஞ்சம் கில்லாடி. என்னிடம் படித்த ஒருவர் தொண்ணூறு வயதுத் தாத்தா நலமாக இருப்பதைச் சொல்லப் போய், அவரைக் கில்லாடியாக்கிவிட்டார்.

பூச்சிக்கு 'பிச்சோ' சரியா?

ஸ்பெயினில் தாராளமாக. நம் 'பூச்சிபொட்டு' போலப் பொதுவான சொல். 'பிச்சோ ராரோ' என்றால் விசித்திரமான ஆசாமி. புவேர்ட்டோ ரிக்கோவில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்: அங்கே அது ஆண்குறியைச் சொல்லும் கொச்சை. 'இன்செக்தோ' எங்கும் வம்பில்லை.

நாய்க்கும் மனிதருக்கும் கால் ஒன்றுதானே?

தமிழில் ஒன்று. அங்கே மனிதருக்குப் பியர்னா, விலங்குக்கும் நாற்காலிக்கும் பாத்தா. வேடிக்கை என்னவென்றால், கறிக்கடையில் ஆட்டுத்தொடை பியர்னாதான்.

'எல் ஆகிலா' என்கிறார்களே, கழுகு ஆண்பாலா?

பெண்பால். அழுத்தமான 'ஆ'வில் தொடங்கும் சொல் என்பதால், ஒருமையில் பெண்பால் சொல்லுக்கு முன்னால் வரவேண்டிய 'லா' ஒலிக்க இடறும், ஆண்பாலுக்குரிய 'எல்' போட்டுக்கொள்கிறார்கள். பன்மையில் 'லாஸ் ஆகிலாஸ்'. பெயரடையும் பெண்பாலில்தான்.

அமேசான் காடு பற்றிய கட்டுரையில் 'திக்ரே' வருகிறது. அங்கே ஏது புலி?

புலி இல்லை. ஸ்பெயின்காரர்கள் அங்கே போய் இறங்கியபோது புதிய மிருகங்களுக்குக் கைவசமிருந்த பழைய பெயர்களைச் சூட்டினார்கள். ஜாகுவார் திக்ரே ஆனது, பூமா லெயோன் ஆனது, அதாவது சிங்கம். பியூனஸ் ஐரிஸ் பக்கத்தில் திக்ரே என்றே ஓர் ஊர் இருக்கிறது; அதுவும் ஜாகுவாரால் வந்த பெயர்தான். அர்ஜென்டினாவிலும் பராகுவேயிலும் குவாரனி என்ற பழங்குடி மொழியிலிருந்து வந்த 'யாகுவாரெத்தே' என்ற பெயரும் புழக்கத்தில் உண்டு. ஆகவே திக்ரேயைப் பார்த்ததும் 'வேங்கை' என்று எழுதிவிடாதீர்கள். முதலில் வரியா புள்ளியா என்று பாருங்கள்.