மார்ச், ஏப்ரலில் புதுச்சேரி, கடலூர் பக்கம் ஒரே நாளில் பறவை பார்த்துத் திரும்ப எங்கே போகலாம்? அதற்குள் சீசன் முடிந்துவிடாதா?

முடியாதுங்க. பொங்கலோடு வலசைப் பறவையெல்லாம் கிளம்பிவிடும் என்று எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை பிறக்கும்வரைதான் பார்க்கவே சுகம்.

முதல் காரணம் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி முட்ட நிறைந்திருக்கும்போது வாத்தெல்லாம் நடு ஏரியில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். பங்குனியில் தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் பள்ளத்தில் ஒதுங்கும்; கூழைக்கடா, வண்ண நாரை, கரண்டிவாயன் எல்லாம் அங்கே வந்து கூடும். ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பித்ததும், அதில் இரை தேடும் சின்னப் பறவைகளான உள்ளான்கள் இறங்கிவிடும். ஊசுட்டேரியில் வலை வீசும் அண்ணன் ஒருவரிடம், “என்னண்ணே, இன்னிக்கு இவ்ளோ கூட்டம்?” என்று கேட்டேன். “தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சுல்ல தம்பி, இனி இதுங்களுக்குப் பந்திதான்” என்றார்.

இரண்டாவது காரணம் நிறம். டிசம்பரில் உள்ளான் வகைகள் எல்லாமே சாம்பலும் பழுப்புமாக ஒரே மாதிரி இருந்து, புதிதாகப் பார்ப்பவர்களைத் திணறடிக்கும். ஏப்ரல் வந்தால் கர்லியூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளானுக்கு வயிறெல்லாம் செங்கல் நிறம் ஏறத் தொடங்கும். சைபீரியாவின் வடகோடிக்கு முட்டையிடப் போகிற பறவை அது. கிளம்புவதற்கு முன்னால் இங்கேயே உடை மாற்றுகிறது. தொலைவு போகாத நம்ம மடையானும் சும்மா இருப்பதில்லை. வருஷமெல்லாம் மண் நிறத்தில் வாய்க்கால் ஓரம் நிற்கிற கொக்கு, முதுகில் கருஞ்சிவப்பாக நீளமான இறகுகளைப் போர்த்திக்கொண்டு நிற்கும். உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகிவிடும். இதற்குச் சரணாலயம்கூட வேண்டாம், பாகூர் வயலில் டிராக்டர் ஓடும் இடத்தில் நின்றாலே போதும்.

இனி இடங்கள். அரை நாள்தான் இருக்கிறது, குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் ஊசுட்டேரி. டவுனிலிருந்து பத்துக்கண்ணு போகிற வழியில் இருக்கிறது, பைக்கில் அரை மணி நேரம். பாதி புதுச்சேரிக்கும் பாதி தமிழ்நாட்டுக்கும் சொந்தமான ஏரி. புதுச்சேரி தன் பங்கை 2008-ல் சரணாலயமாக அறிவித்தது, தமிழ்நாடு 2014-ல். நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் கரையிலிருந்தே தெரியும். நம்ம பக்கம் தரை கடலை நோக்கிச் சரிவதால் ஏரிக்கரைகள் பெரும்பாலும் கிழக்கில்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும், பறவைமேல் வெளிச்சம் நேராகப் படும். சாயங்காலம் போனால் எல்லாமே கறுப்பு நிழல்தான்.

முழு நாள் கையில் இருந்தால் நான் கழுவெளிக்குத்தான் போவேன். மரக்காணம் பக்கம், ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை போகும் பஸ்ஸிலேயே இறங்கலாம். 2021-ல் சரணாலயமாகி, 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் மழைத்தண்ணீர், இன்னொரு பக்கம் முகத்துவாரம் வழியாக ஏறும் உப்புத்தண்ணீர். அதனால்தான் ஒரே காலையில் வாத்தும் பார்க்கலாம், பூநாரையும் பார்க்கலாம். உப்பளங்களை விட்டுவிடாதீர்கள், பாத்தி ஓரங்களில்தான் நெடுங்கால் உள்ளான் நடக்கும். ஆனால் ஒன்பது மணிக்குமேல் அங்கே கானல் ஆடும். பைனாகுலரில் எதுவும் நிற்காது. ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், அதற்கு இருட்டிலேயே கிளம்பியாக வேண்டும்.

கடலூர்க்காரர்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி இரண்டுக்கும் நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வந்து சேர்கிறது. மற்ற ஏரிகள் வெடித்துக் கிடக்கும்போதும் இங்கே ஈரம் இருக்கும். சரணாலயம் என்ற பெயர் இல்லாததால் கூட்டமும் கிடையாது, டீக்கடை தவிர வசதியும் கிடையாது.

பிச்சாவரம் படகுப் பயணம் அருமைதான், ஆனால் பறவைக்காக மட்டும் என்றால் நான் சொல்ல மாட்டேன். மோட்டார் சத்தத்துக்குப் பறந்துவிடும். துடுப்புப் படகு எடுத்து, கடல்நீர் இறங்கிச் சேறு தெரியும் நேரத்தில் போனால் ஓரளவு தேறும். வேடந்தாங்கல் தூரம் அதிகம். போவதானால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், கோடையில் மூடிவிடுவார்கள்.

8x42 பைனாகுலர், தொப்பி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் போதும். பெயர் தெரியாவிட்டால் மெர்லின் ஆப் உதவும். அதில் இருக்கும் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள், இது கூடு கட்டும் காலம்.

காய்ந்த ஏரிக்குள் இறங்கினால் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில், கூழாங்கல் நடுவே முட்டையிடும். பக்கத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றினால் கூடு அருகில் இருக்கிறது என்று அர்த்தம். வெயில் நேரத்தில் அது முட்டைமேல் நிழலாக நிற்கும், வயிற்று இறகை நனைத்துவந்து குளிர்விக்கும். போட்டோவுக்காக நீங்கள் நிற்கிற நேரமெல்லாம் முட்டை சூடேறும். வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.