டட்சன் 240 இசட் ரேடியேட்டர்: ஈயம் வைத்தால் போதுமா, கோரையே மாற்றுவதா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அண்ணே, மாமா வைத்திருந்த 1972 டட்சன் 240 இசட் இப்போது என் கையில். ரேடியேட்டர் மேல் டேங்க் ஓரத்தில் பச்சையாகக் கசிகிறது. ஜாமில் ஏர்கோன் போட்டால் சூடு காட்டும் ஊசி ஏறுகிறது, கராக் நெடுஞ்சாலையில் ஏற்றம் பிடித்தாலும் ஏறுகிறது. ஒரு பட்டறையில் ஈயம் வைத்தால் போதும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் பழசைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியம் வாங்கு என்கிறார்கள். மாமாவோ மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைந்துவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

தம்பி, மஞ்சள் தூளைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் லாரி நடுவழியில் நின்றால் ஊர் போய்ச் சேர அதைப் போடுவார்கள், கசிவும் கொஞ்ச நேரம் நிற்கும், ஆனால் ஓட்டையை அடைக்கிற அதே தூள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கடையில் டப்பாவில் விற்கிற கசிவு அடைக்கும் மருந்தும் பெரும்பாலும் இதே கதைதான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது கசிவு இல்லை, ஊசி எங்கே ஏறுகிறது என்பது. ஜாமில் மட்டும் ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்று போதவில்லை என்று அர்த்தம், அதாவது காத்தாடிப் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் கராக் ஏற்றத்தில் முகப்பில் காற்று வந்து மோதிக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறது என்றால், ரேடியேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்ற சந்தேகம்தான் முதலில் வரும். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. அதனால் ஓரத்தில் ஈயம் வைத்தால் கசிவு நிற்கும், சூடு நிற்காது.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். இந்த எஞ்சினுக்குப் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். நன்றாகச் சூடேறிவிட்டால் ஹெட் வளையும், இரண்டுக்கும் நடுவிலிருக்கிற கேஸ்கெட் போகும். காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, கழுத்துக்குள் பாருங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் எஞ்சினுக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறதா என்று பட்டறையில் நீல நிறத் திரவம் வைத்துச் சோதிப்பார்கள், அது மஞ்சளாக மாறினால் பிரச்சினை கேஸ்கெட்டில். அப்படியிருந்தால் ரேடியேட்டரை எவ்வளவு புதுசாக்கினாலும் பிரயோஜனமில்லை.

சரி, கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கழுத்து வழியாக டார்ச் அடித்துக் கீழே பாருங்கள், தட்டையான குழாய்களின் வாய் வரிசையாகத் தெரியும். அந்த வாய்களைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்த மாதிரி இருந்தால், கூலண்டில், அதாவது ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவத்தில், இருந்த துருத்தடுப்பு மருந்து எப்போதோ தீர்ந்துபோய் ஈயமே அரித்துப் பூத்திருக்கிறது. அடுத்து, முன்பக்க ஃபின்களை, குழாய்களுக்கு நடுவே இருக்கிற மெல்லிய தகடுகளை, கட்டைவிரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். நல்ல செப்பு ஃபின் வளையும், அவ்வளவுதான். கெட்டுப்போனது பச்சைப் பொடியாக விரலில் ஒட்டிக்கொண்டு உதிரும். ஃபின் குழாயோடு ஒட்டியிருந்தால்தான் சூடு வெளியே போகும், பற்று விட்டுப்போனால் ஒரு சொட்டுக்கூடக் கசியாத ரேடியேட்டரும் வெறும் தண்ணீர் டப்பாதான். உதிர்கிறது என்றால் மேற்கொண்டு சோதனை வேண்டாம், கோர், அதாவது குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதி, முடிந்தது. உதிரவில்லை என்றால் எஞ்சின் சூடான பிறகு அகச்சிவப்பு வெப்பமானியைக் கோர் முழுக்க ஓட்டிப் பாருங்கள், நடுவில் அங்கங்கே சட்டென்று குளிர்ந்த திட்டு வந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன.

அடைப்பு மட்டும்தான், உலோகம் நன்றாக இருக்கிறது என்றால் மேல் டேங்கைச் சூடுகாட்டிக் கழற்றி, குழாய் ஒவ்வொன்றிலும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுப்பார்கள். முன்பெல்லாம் எல்லா ரேடியேட்டர் பட்டறையிலும் செய்த வேலை. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன குழாய், சுவர் மெலிந்திருக்கும், ஒரு பக்கம் குத்தினால் இன்னொரு பக்கம் ஓட்டை விழுவது சகஜம். அதனால் உங்கள் வண்டிக்கு என் யோசனை: பித்தளை டேங்க் இரண்டையும் பக்கவாட்டுத் தாங்கிகளையும் வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வெளியே பார்க்க அசலாகவே இருக்கும், போல்ட் ஓட்டைகள் பழைய இடத்திலேயே உட்காரும், நாளைக்கு ஏதாவது கசிந்தாலும் ஈயம் வைத்துச் சரிசெய்யலாம். சான் சோ லின், ஜாலான் ஈப்போ பக்கமெல்லாம் ஃபோர்மன்களிடம் விசாரித்தால் செப்புக் கோர் வேலை தெரிந்தவர் யார் என்று சொல்லிவிடுவார்கள், இந்தக் கை இப்போது குறைந்துகொண்டு வருகிறது. அலுமினியத்தை நான் கெட்டது என்று சொல்லவில்லை, இலேசு, நன்றாகவே குளிரவைக்கும், எஞ்சினைத் தட்டி ரேஸுக்குத் தயார் செய்பவர்களுக்கு அதுதான் சரி. ஹாஃப்கட் கடையில் வேறு வண்டியிலிருந்து வெட்டி எடுத்த, பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினியத்தைக் கம்பி கட்டிப் பொருத்துகிறார்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பட்டறைக்குக் கொடுக்கும் முன் ரேடியேட்டரை அட்டையில் படுக்கவைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, போல்ட் ஓட்டைகளையும் குறித்துவிடுங்கள். திரும்பி வரும்போது தாங்கி ஒரு விரல் விலகியிருந்தாலும் பொருத்துகிற நாளில் படாதபாடு படுவீர்கள். கோரில் குழாய் எத்தனை வரிசை வேண்டும் என்று கேட்பார்கள். கடைக்காரர் நாலு வரிசைக்கு இழுப்பார், தடிமனாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் தடிமன் கூடக்கூடக் காற்று உள்ளே நுழைவது கஷ்டம், ஜாமில் காத்தாடி இழுக்கிற காற்றை மட்டும் நம்பியிருக்கும்போது அதுவே எதிரியாகும். இவ்வளவுக்கும் உங்களுக்கு முன்னால் ஏர்கோன் கண்டென்சர் வேறு வழியை மறித்து, தன் சூட்டையும் சேர்த்து அனுப்புகிறது. மூன்று வரிசை, ஃபின் நெருக்கம் நன்றாக இருக்கிற கோர் போதும்.

டேங்கைச் சுத்தம் செய்ய அமிலம் ஊற்றுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு, அது ஈயத்தையும் பித்தளையையும் சேர்த்துத் தின்னும், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டால் செம்புக்குப் பரவாயில்லை, ஆனால் நன்றாக அலசாமல் திருப்பிக் கொடுத்தால் மிச்சமிருக்கிற காஸ்டிக் உங்கள் அலுமினிய ஹெட்டை அரிக்கும். ஈயம் பற்றவைக்கப் பூசுகிற ஃபிளக்ஸையும் அப்படியே விட்டால் பற்று வைத்த இடமே மறுபடி பச்சை பிடிக்கும். எல்லாம் முடிந்ததும் தொட்டித் தண்ணீரில் முக்கி, 13 பிஎஸ்ஐ காற்று ஏற்றிக் காட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். குமிழி ஒன்றுகூட வரக் கூடாது. பெயின்ட் மெல்லிய மங்கல் கறுப்பு போதும், பளபளவென்று தடியாக அடித்தால் ஃபின் இடுக்கெல்லாம் அடைந்து சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூடியைப் புதிதாக வாங்குங்கள், பழசைத் துடைத்துப் போடாதீர்கள். இந்த வண்டிக்கு 0.9 என்று எழுதியிருக்கும் மூடி, ஏறக்குறைய அதே 13 பிஎஸ்ஐதான். அந்த அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும், மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்துப் பொங்கும், பழி ரேடியேட்டர் மேல் விழும். கீழ் ஹோஸ் மாற்றினால் உள்ளே ஸ்பிரிங் இருக்கிற மாதிரி வாங்குங்கள், இல்லையென்றால் பம்ப் உறிஞ்சுகிற வேகத்தில் அது சப்பிப் போகும். எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு ரேடியேட்டர் வழியைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டில் வெப்ப நாடுகளுக்கென்று டட்சன் கொடுத்தது 76.5 டிகிரி, 82-ம் ஓடும். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியச் சொல்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

ஜாமில் ஏறுகிற பிரச்சினைக்குக் காத்தாடியைச் சுற்றியிருக்கிற கவசம் இருக்கிறதா என்று பாருங்கள், பல வண்டிகளில் யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். காத்தாடி இறக்கை பாதி கவசத்துக்குள், பாதி வெளியே இருந்தால் சரியான இடம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டுக் காத்தாடியைக் கையால் சுற்றுங்கள், கொஞ்சம் முறுக்கிப் பிடிக்க வேண்டும், தட்டிவிட்டால் இஷ்டத்துக்குச் சுழன்றுகொண்டே இருந்தால் நடுவிலிருக்கும் கிளட்ச் செத்துவிட்டது.

கூலண்டுக்கு வருவோம். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, அதனால் பாதிக்குப் பாதி தேவையில்லை, முப்பது சதவீதம் கூலண்ட், மிச்சம் வடிகட்டிய தண்ணீர். ஈயப் பற்றுள்ள பழைய ரேடியேட்டருக்குப் பழைய பாணிக் கூலண்ட்தான் பாதுகாப்பு, ஐந்து வருஷம் தாங்கும் என்று விற்கிற புது ரகங்கள் சில ஈயத்தோடு ஒத்துப்போகாது. நிறத்தை நம்பாதீர்கள், டப்பாவின் பின்பக்கம் செம்பு, பித்தளை, ஈயத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஊற்றும்போது வண்டி மூக்கு கொஞ்சம் மேட்டில் இருக்கட்டும், ஹீட்டர் வால்வு திறந்திருக்கட்டும், மெதுவாக ஊற்றி மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டால் தெர்மோஸ்டாட் திறக்கிற நேரத்தில் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது நிரப்பி மூடுங்கள். அடுத்த நாள் காலை, எஞ்சின் ஆறிய பிறகு, மட்டத்தையும் ஹோஸ் கிளிப்புகளையும் மறுபடி பாருங்கள், புது ஹோஸ் சூட்டில் இளகியபின் கிளிப் அரைச் சுற்று கேட்கும். அதெல்லாம் முடித்துவிட்டு ஏர்கோனைப் போட்டுக்கொண்டு கெந்திங் மலை ஏறிப் பாருங்கள், ஊசி எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.